காவலர்கள் அழைத்து வரும் நோயாளி: அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் கேஷுவாலிட்டி என்று நாம் அழைக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஹவுஸ் சர்ஜன் எனப்படும் பயிற்சி மருத்துவராகவோ பணி மருத்துவராகவோ புதிதாக வருபவர், நெஞ்சுவலியையும் பாம்புக்கடியையும் விபத்துக் காயத்தையும் எப்படிக் கையாள்வது என்று ஓரளவு கற்றுக்கொண்டுதான் வருகிறார். இரண்டு காவலர்கள் நடுவில் நிறுத்தி அழைத்து வரும் ஒருவரை எப்படிக் கையாள்வது என்பதைப் பெரும்பாலும் யாரும் அவருக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் மூத்தவர் என்ன செய்கிறாரோ அதுவே பழக்கமாகிவிடுகிறது. அவர் ஆளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், காவலர்கள் கொண்டுவரும் மெமோ என்ற கடிதத்தில் கையெழுத்திடுபவராக இருந்தால், அதையும் நாம் பழகிக்கொள்கிறோம். அந்தக் கையெழுத்தின் விலை என்ன என்பதை 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் பார்த்தோம். ஜூன் 19 அன்று கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும், அரசு மருத்துவமனையில் உடற்தகுதிச் சான்று பெற்ற பிறகே நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்டுக் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகனும், 23ஆம் தேதி அதிகாலை தந்தையும் இறந்தார்கள். காவல் நிலையத்துக்கும் சிறைக்கும் இடையில் ஒரு மனிதனின் உடலை முழுமையாகப் பார்க்கும் வாய்ப்பும் அதிகாரமும் மருத்துவருக்கே அதிகம் என்பதால், அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

வந்திருப்பவர் எந்த நிலையில் வந்திருக்கிறார்

போலீஸ் கேஸ் என்ற ஒரே சொல்லில் எல்லோரையும் அடக்குவது முதல் தவறு. கைதாகி நீதிமன்றக் காவலுக்குப் போகவிருப்பவர், சாலையோரம் மயங்கிக் கிடந்ததால் ரோந்து வாகனத்தில் தூக்கி வரப்பட்டவர், அடிதடியில் காயம்பட்டுப் புகார் கொடுக்கப் போன இடத்திலிருந்து அனுப்பப்பட்டவர், தற்கொலைக்கு முயன்றவர், மனநலம் குன்றி வீதியில் அலைந்தவர், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் அல்லது குழந்தை, ஏற்கெனவே சிறையிலிருந்து ஆயுதப்படைக் காவலர்களின் துணையோடு வரும் விசாரணைக் கைதி என ஒவ்வொருவருக்கும் பொருந்தும் சட்டம் வேறு, உங்கள் கடமையும் சற்று வேறு. ஆகவே அழைத்து வந்த ஏட்டையாவிடம் முதலில் கேட்க வேண்டியது, "இவர் கைது செய்யப்பட்டவரா, எப்போது கைது செய்தீர்கள், எந்த நிலையம், மெமோ எங்கே" என்பதுதான். பதிலையும், அழைத்து வந்தவரின் பெயர், காவலர் எண், நிலையம் ஆகியவற்றையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

மெமோ இல்லை என்பதற்காகவோ முதல் தகவல் அறிக்கை இன்னும் பதிவாகவில்லை என்பதற்காகவோ சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது. உயிரைக் காப்பதே முதற்கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குப் பிறகே என்று உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தக் கடமை அரசு மருத்துவருக்கும் தனியார் மருத்துவருக்கும் ஒன்றுதான்.

முதலில் சிகிச்சை

மற்ற நோயாளிகளை எப்படிச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறீர்களோ அப்படியே இவரையும் பிரியுங்கள். காவலர்கள் அவசரப்படுகிறார்கள் என்பதற்காக முன்னுரிமையும் வேண்டாம், குற்றவாளிதானே என்பதற்காகக் கடைசி நாற்காலியும் வேண்டாம். மூச்சுப்பாதை, சுவாசம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, நினைவு நிலை ஆகியவற்றைப் பார்த்து எண்களாக எழுதுங்கள். நினைவு சற்றுப் பிறழ்ந்திருந்தாலும் உடனே விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பாருங்கள். இதை நான் தனியாக வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. "குடிச்சிருக்கான் சார், தெளிஞ்சா சரியாயிடும்" என்ற வாக்கியத்தோடு ஒருவர் உள்ளே வரும்போது, அவரைப் பற்றிய நம் சிந்தனை பாதி அங்கேயே நின்றுவிடுகிறது. வாயில் மது வாடை அடிக்கும் மனிதனுக்குச் சர்க்கரை குறைந்திருக்கலாம், மண்டைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம், வலிப்பு வந்து ஓய்ந்த மயக்கமாக இருக்கலாம், உடலில் சோடியம் குறைந்திருக்கலாம். மது வாடை இவற்றில் எதையும் இல்லை என்று சொல்லிவிடாது. தலையில் காயமோ, காதின் பின்னால் கன்றலோ, திரும்பத் திரும்ப வாந்தியோ, இரு கண் பாவைகளின் அளவில் வேறுபாடோ இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுக்காமல் அவரை வெளியே விடாதீர்கள். போதை என்று கருதிப் படுக்க வைத்தவரின் நினைவு நிலையை அரை மணிக்கு ஒரு முறை சோதித்து எழுதுங்கள். நேரம் செல்லச் செல்லத் தெளியாத போதையை, வேறு காரணம் இல்லையென்று நிரூபணமாகும் வரை போதையாகக் கருதக் கூடாது.

கள்ளச் சாராயத்தையும் மனத்தில் வைத்திருங்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. பார்வை மங்குகிறது, வெள்ளையாகத் தெரிகிறது, வயிறு பிசைகிறது என்று சொல்பவரையும், காரணம் புரியாமல் வேகமாக மூச்சு வாங்குபவரையும் கண்டால் ரத்தத்தின் அமிலத்தன்மையைப் பார்த்து, மாற்று மருந்துக்கும் டயாலிசிஸுக்கும் வசதியுள்ள இடத்தோடு உடனே பேசுங்கள். ஒரே ஊரிலிருந்து இருவர் அப்படி வந்தாலே மருத்துவமனை நிர்வாகத்துக்குத் தகவல் போக வேண்டும்.

தினமும் குடிப்பவர் லாக்கப்பில் அடைபட்டுச் சில மணி நேரம் ஆனதும் குடி நின்றுபோன பின்விளைவு தொடங்கும். கைநடுக்கமும் வியர்வையும் முதலில் வரும். வலிப்பு பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்து உளறும் கடுமையான பிதற்றல் நிலை இரண்டு நாள் கழித்து, அதாவது அவர் சிறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வரும். கடைசியாக எப்போது குடித்தார், நாள்தோறும் எவ்வளவு குடிப்பார் என்று கேட்டு எழுதி, தயமின் ஊசி போட்டு, சிறை மருத்துவருக்கும் தெரியும்படி குறிப்பில் பதிவு செய்வது உங்கள் வேலை. அதே போல ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு, காசநோய், இதய நோய் ஆகியவற்றுக்கான மருந்துகள் வீட்டிலேயே கிடக்க, ஆள் மட்டும் இங்கே வந்திருப்பார். "தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா" என்ற ஒரு கேள்வி பல சிறை மரணங்களைத் தடுக்கக்கூடியது.

உங்கள் பாதுகாப்பும் உடனிருப்போர் பாதுகாப்பும்

2023 மே 10 அதிகாலை, கேரளத்தின் கொட்டாரக்கரா தாலுகா மருத்துவமனையில், காவலர்கள் காயத்துக்குக் கட்டுப்போட அழைத்து வந்த ஒருவர் அங்கிருந்த கத்தரிக்கோலால் குத்தியதில் இளம் பெண் ஹவுஸ் சர்ஜன் ஒருவர் உயிரிழந்தார். காவலர்கள் உடனிருந்தார்கள் என்பதே பாதுகாப்பு ஆகாது என்பதை அந்தச் சம்பவத்திலிருந்து நாம் ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ள வேண்டும். டிரெஸ்ஸிங் தட்டு, கத்தரிக்கோல், தையல் ஊசி, சலைன் ஸ்டாண்டு ஆகியவை நோயாளியின் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். உங்களுக்கும் வாசலுக்கும் நடுவே நோயாளி வந்துவிடாமல், வாசல் பக்கம் நீங்கள் நிற்கும்படி படுக்கையைப் போடுங்கள். ஆள் நிலைகொள்ளாமல் இருந்தால் தனியாகப் போகாதீர்கள். காவலர்கள் அவரைச் சோதனையிட்டார்களா என்று கேளுங்கள்.

முரண்டு பிடிப்பவரைக் கட்டிப்போடும் நிலை வந்தாலும் குப்புறப் போட்டு முதுகில் ஏறி அமுக்குவதை உடனே தடுத்து நிறுத்துங்கள். அந்த நிலையில் மூச்சு அடைத்து நிமிடங்களில் உயிர் போகும். மல்லாக்கவோ ஒருக்களித்தோ படுக்க வைத்து, ஊசி மருந்தால் அமைதிப்படுத்திய பின் நாடியையும் ஆக்சிஜன் அளவையும் விடாமல் கண்காணிக்க வேண்டும். ஆர்ப்பாட்டத்துக்கே மருத்துவக் காரணம் இருக்கலாம் என்பதால் சர்க்கரை, காய்ச்சல், தலைக்காயம் ஆகிய மூன்றையும் அப்போதே தேடுங்கள்.

கைவிலங்கைப் பற்றி ஒரு சொல். 1980இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கிலும், 1995இல் குவாஹாத்தி மருத்துவமனையில் கைதிகளைக் கட்டிலோடு விலங்கிட்டதைப் பற்றிய வழக்கிலும் உச்ச நீதிமன்றம் விலங்கிடுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு, சில கொடிய குற்றங்களில் கைது செய்யும்போதும் நீதிமன்றத்தில் நிறுத்தும்போதும் விலங்கிட இடம் தருகிறது. படுக்கையோடு நோயாளியைப் பிணைப்பதற்கு அது வழி சொல்லவில்லை. பரிசோதனைக்கு இடைஞ்சல் என்றால் விலங்கைக் கழற்றச் சொல்ல உங்களுக்குத் தயக்கம் வேண்டாம். கழற்றிய பின் மணிக்கட்டைப் பாருங்கள்: இறுகிய விலங்கு தோலைச் சிராய்ப்பதோடு கட்டைவிரலின் பின்பக்க உணர்வு நரம்பையும் நசுக்கும், அந்த மரத்துப்போதல் வாரக்கணக்கில் நீடிக்கலாம்.

தனியாகப் பேசுவது

அழைத்து வந்த காவலர் காதில் விழும் தூரத்தில் நிற்கும்போது கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் உண்மையான பதில் வராது. காவலர்கள் பார்வைக்கு எட்டும் இடத்தில், ஆனால் பேச்சு கேட்காத தூரத்தில், திரைக்கு வெளியே நிற்கும்படி மரியாதையாகச் சொல்லுங்கள். "ஐயா, பரிசோதனை செய்கிறேன், கொஞ்சம் வாசலில் நில்லுங்கள்" என்றால் பெரும்பாலானோர் நகர்ந்துவிடுவார்கள். நகர மறுத்தால், "காவலர் முன்னிலையில் பரிசோதிக்கப்பட்டது" என்று குறிப்பில் எழுதிவிடுங்கள். அதை எழுதப் போகிறேன் என்று சொன்னாலே பலர் வெளியே போவதை நான் பார்த்திருக்கிறேன்.

நோயாளியிடம் உங்கள் பெயரையும், நீங்கள் மருத்துவர் என்பதையும், உங்கள் வேலை சிகிச்சையும் பதிவும் மட்டுமே என்பதையும் சொல்லுங்கள். பெரியவராக இருந்தால் ஐயா, அம்மா என்றும், இளைஞராக இருந்தால் தம்பி என்றும் அழைத்துப் பேசத் தொடங்கினாலே அவர் முகம் மாறும். எங்கே வலிக்கிறது, என்ன நடந்தது, எப்போது நடந்தது, யாரால், எதனால் என்று கேளுங்கள். குற்றத்தைச் செய்தாயா என்று கேட்பது நம் வேலை அல்ல. அவர் தானாகச் சொல்ல வந்தாலும் காயத்துக்கும் சிகிச்சைக்கும் தேவையானதை மட்டுமே எழுதுங்கள்.

உடலை முழுவதும் பார்ப்பது

இந்தப் பகுதிதான் பெரும்பாலும் விடுபடுகிறது, ஆகவே விரிவாகச் சொல்கிறேன். சட்டையின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு அனுப்புவது பரிசோதனை ஆகாது. மானத்துக்குக் குறைவு வராதபடி, ஒரு பகுதியை மூடிக்கொண்டே மறு பகுதியைத் திறந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை பாருங்கள். தலைமுடிக்குள் விரல்களை விட்டுத் தடவுங்கள். காதின் பின்பக்கம், வாயின் உட்புறம், கழுத்து, அக்குள், முதுகு, பிட்டம், தொடையின் பின்புறமும் உட்புறமும், உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றை ஒன்றுவிடாமல் பாருங்கள். கூடுதலாக அடி விழும் இடங்கள் ஆடைக்குள் மறைபவை என்பதை அனுபவமுள்ள எந்த மருத்துவரும் அறிவார். உட்கார வைத்தால் ஒருக்களித்து உட்காருகிறாரா, நடக்கும்போது குதிகாலைத் தரையில் ஊன்றத் தயங்குகிறாரா என்று கவனித்தால் எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

லத்தி போன்ற உருளைத் தடியால் அடித்த அடிக்கு ஒரு தனி உருவம் உண்டு. தடி பட்ட இடம் அழுந்தி ரத்தம் இருபுறமும் ஒதுங்குவதால், நடுவில் வெளிறிய பட்டையும் அதன் இரு விளிம்பிலும் இணையாக ஓடும் இரண்டு சிவந்த கோடுகளுமாக அது தெரியும். கீழே விழுந்த காயம் அப்படி இருக்காது. நம் மக்களின் கருநிறத் தோலில் கன்றல் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. நல்ல வெளிச்சத்தில், சாய்வான கோணத்தில் பார்த்து, விரலால் அழுத்தி, சூடும் வீக்கமும் கெட்டித்தன்மையும் இருக்கின்றனவா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஆழத்தில் உள்ள கன்றல் ஒன்றிரண்டு நாள் கழித்தே மேலே தெரியும். எனவே இன்னொரு முறை பரிசோதிக்க வேண்டும் என்று நீங்கள் கருதினால் அதற்குச் சட்டமே இடம் தருகிறது. மேற்சொன்ன சன்ஹிதாவின் 53ஆம் பிரிவில் அது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. காயத்தின் வயதைக் கணிக்கும்போது அடக்கம் வேண்டும். கன்றலில் மஞ்சள் நிறம் தெரிந்தால் அது 18 மணி நேரத்துக்கும் மேல் பழையது என்று சொல்லலாம். அதைத் தாண்டி நிறத்தை மட்டும் வைத்து நாளையும் நேரத்தையும் சொல்பவர் குறுக்கு விசாரணையில் தடுமாறுவார்.

தொடையிலும் பிட்டத்திலும் பலமாக அடிபட்டவருக்குத் தோலில் தெரிவதைவிட உள்ளே நடப்பதே ஆபத்து. நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் பொருட்கள் சிறுநீரகத்தை அடைத்து, ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி, நடந்து வந்த மனிதனை இரண்டு நாளில் சாகடிக்கும். சிறுநீர் எந்த நிறத்தில் போகிறது என்று கேளுங்கள், முடிந்தால் ஒரு பாட்டிலில் பிடித்து வரச் சொல்லி நீங்களே பாருங்கள். கட்டாங்காப்பி நிறத்தில் இருந்தாலோ, சோதனைப் பட்டையில் ரத்தம் என்று காட்டி நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் இல்லாமல் இருந்தாலோ, உடனே இ.சி.ஜி. எடுத்து, கிரியாட்டினின், பொட்டாசியம், தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. ஆகிய பரிசோதனைகளுக்கு அனுப்பி, சலைன் ஏற்றி அட்மிட் செய்யுங்கள். அவரை எக்காரணம் கொண்டும் சிறைக்குத் தகுதியானவர் என்று எழுதக் கூடாது.

ஏ.ஆர். எழுதுவது

ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புங்கள்: வந்த நேரம், பரிசோதித்த நேரம், அழைத்து வந்தவர், இரண்டு அங்க அடையாளங்கள். பெயர் தெரியாதவரை "பெயர் தெரியாத ஆண், சுமார் 40 வயது" என்று எழுதி, மச்சம், தழும்பு, பச்சை குத்தல் ஆகியவற்றைக் கூடுதலாகக் குறியுங்கள். பின்னாளில் அவரைக் குடும்பத்தார் கண்டுபிடிக்க அவையே உதவும்.

சம்பவத்தை நோயாளி சொன்னபடியே, அவர் சொன்னதாகவே எழுதுங்கள். "தெரிந்த நபர்கள் 3 பேர் நேற்று இரவு 8 மணியளவில் தன் வீட்டு வாசலில் கட்டையாலும் கைகளாலும் தாக்கியதாகச் சொல்கிறார்" என்ற வழக்கமான நடையையே, "நேற்று இரவு காவல் நிலையத்தில் காவலர்கள் லத்தியால் அடித்ததாகச் சொல்கிறார்" என்று எழுதவும் பயன்படுத்த வேண்டும். காவலர் வேறொன்று சொன்னால் அதையும் தனி வரியில், அவர் சொன்னதாக எழுதுங்கள். கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்ற கதையைக் காவலர் சொல்ல, அது நோயாளியின் வாக்குமூலமாகப் பதிவாவதை நான் ஏற்கவே மாட்டேன். நோயாளி வாய் திறக்கவில்லையென்றால் "காயம் ஏற்பட்ட விதத்தைச் சொல்ல விரும்பவில்லை" என்பதே சரியான பதிவு.

காயங்களை எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் வகை, இடம், நீள அகலம், உருவம், நிறம் ஆகியவற்றை எழுதுங்கள். "தொடையில் கன்றிய காயம்" என்பது போதாது. "இடது தொடையின் பின்புறம், முழங்கால் மடிப்புக்கு 14 செ.மீ. மேலே, குறுக்குவாட்டில், 11 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் உள்ள இணைகோட்டுக் கன்றல், நடுவில் வெளிறிய பட்டை, நிறம் சிவப்பு கலந்த நீலம், தொட்டால் வலி" என்று எழுதினால், அதைப் படிக்கும் நீதிபதி நோயாளியைப் பார்க்காமலே காயத்தைப் பார்த்துவிடுவார். முன்பின் உடல் வரைபடத்தில் குறியுங்கள். காயம் எதுவும் இல்லையென்றால், முழு உடலையும் பார்த்த பிறகு, "வெளிக்காயம் எதுவும் இல்லை" என்று எழுதுவதும் முக்கியமான பதிவுதான். காவலர்களைப் பொய்க் குற்றச்சாட்டிலிருந்து காப்பதும் அதே நேர்மையான பதிவுதான்.

நோயாளி சொல்லும் சம்பவத்துக்கும் காயத்துக்கும் எவ்வளவு பொருத்தம் என்று கருத்துச் சொல்ல நேர்ந்தால், ஐக்கிய நாடுகள் அவையின் இஸ்தான்புல் நெறிமுறை தரும் படிநிலைகளைப் பின்பற்றலாம்: பொருந்தவில்லை, பொருந்துகிறது, நன்கு பொருந்துகிறது, இத்தகைய தாக்குதலில் வழக்கமாகக் காணப்படுவது, இதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. சாதாரண காயமா கொடுங்காயமா என்பதை எக்ஸ்ரேயும் சிறப்பு மருத்துவர் கருத்தும் வரும் வரை நிறுத்தி வைக்கலாம். கடும் வலியோ அன்றாட வேலை செய்ய இயலாமையோ எத்தனை நாள் நீடித்தால் கொடுங்காயம் என்பதற்குப் பழைய சட்டத்தில் 20 நாள் என்று இருந்த அளவுகோல், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவில் 15 நாளாகக் குறைந்திருப்பதையும் நினைவில் வையுங்கள்.

குடிபோதைச் சான்று கேட்டு அழைத்து வந்தால் நடை, பேச்சு, கண் பாவை, வாடை ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி, மது அருந்தியிருக்கிறார் என்பதையும் போதையில் இருக்கிறார் என்பதையும் வேறுபடுத்திக் கருத்துச் சொல்ல வேண்டும். ரத்தம் எடுக்கும் இடத்தைச் ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். சோடியம் ஃபுளோரைடு உள்ள குப்பியில் எடுத்து, முத்திரையிட்டு, பெற்றுக்கொண்ட காவலரின் கையெழுத்தை வாங்குங்கள்.

தகுதிச் சான்றும் நெருக்கடியும்

"மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும் சார், 24 மணி நேரம் முடியப் போகுது" என்ற அவசரம் உங்கள் மேல் திணிக்கப்படும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது உண்மைதான், அது கைதானவரின் பாதுகாப்புக்காக அரசமைப்பின் 22ஆம் உறுப்பு தந்த உரிமை. நோயாளியை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியிருந்தால் நீதித்துறை நடுவர் மருத்துவமனைக்கே வந்து பார்த்து ரிமாண்ட் செய்யும் வழக்கம் இங்கே நெடுங்காலமாக இருக்கிறது. ஆகவே அந்தக் கெடுவுக்காக யாரையும் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டியதில்லை.

சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு உங்களிடம் கேட்பது, உடலில் உள்ள காயங்கள், வன்முறை அடையாளங்கள், அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரம் ஆகியவற்றின் பதிவு. அந்தப் பதிவின் நகலைக் கைதானவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ மருத்துவரே தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் உண்டு. காவலில் இருக்கும் வரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை என்பது 1996இல் டி.கே. பாசு வழக்கின் தீர்ப்பு. ஒற்றை வரித் தகுதிச் சான்று இவற்றுக்கு மாற்று ஆகாது. சான்று தரும்போது, "இந்த நேரத்தில் பரிசோதித்தபோது நிலை இது, காயங்கள் இவை, இந்த மருந்துகள் தொடர வேண்டும், இன்ன அறிகுறி வந்தால் உடனே திரும்ப அழைத்து வர வேண்டும்" என்று எழுதி, நோயாளியிடமும் வாய்மொழியாகச் சொல்லுங்கள். யாராவது தொலைபேசியில் அழுத்தம் தந்தால், பணியில் உள்ள மூத்த மருத்துவருக்கும் நிலைய மருத்துவ அலுவலருக்கும் உடனே தெரிவியுங்கள். அழைப்பு வந்த நேரத்தைக் கேஸ் ஷீட்டில் குறியுங்கள். ஹவுஸ் சர்ஜன் இந்தச் சுமையைத் தனியே தூக்கக் கூடாது, தூக்க விடுவதும் தவறு.

மனநலம் குன்றியவரும் தற்கொலைக்கு முயன்றவரும்

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி, மனநோயுடன் அலைபவரையும் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரையும் காவலர்கள் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கவே கூடாது. மனநல மருத்துவர் இல்லை என்பதற்காக வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்கு நமக்கு உரிமை இல்லை, மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்வது மருத்துவ அலுவலரின் பொறுப்பு. அவசரச் சிகிச்சையை எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை தரலாம் என்று 94ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்கத் தேவையில்லை என்றால் அதைக் காவலருக்குத் தெரிவித்து, அவரை வீட்டிலோ அரசு காப்பகத்திலோ கொண்டுசேர்க்கச் சொல்லுங்கள்.

தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது 115ஆம் பிரிவு. குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலக வாசலில் உடலில் மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டவரைக் காவலர்கள் அழைத்து வருவது நம் மாவட்டங்களில் அரிதான காட்சி அல்ல. தீப்பற்றவில்லையே என்று அவரை அனுப்பிவிடாமல், ஆடையை மாற்றி, கண்ணையும் தோலையும் நீரால் நன்றாகக் கழுவி, அவர் கொண்டுவந்த மனுவில் என்ன இருந்தது என்று கேட்டு, மனநல ஆலோசனைக்கு அனுப்புங்கள்.

பெண்களும் குழந்தைகளும்

கைதான பெண்ணின் உடலைப் பெண் மருத்துவரோ அவரது மேற்பார்வையிலோதான் பரிசோதிக்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு எல்லா மருத்துவமனைகளும் இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்பது சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு, மறுப்பது குற்றம். ஒப்புதல் கேட்டு, அவர் மறுக்கும் சோதனையை விட்டுவிட்டு, சிகிச்சையைத் தொடருங்கள். இருவிரல் சோதனை கூடவே கூடாது. உச்ச நீதிமன்றம் 2013இலும் 2022இலும் அதைக் கண்டித்திருக்கிறது. கருத்தடை மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டும். ஆடைகளை நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் வைத்தால் தடயம் அழுகிவிடும். பரிசோதனை அறிக்கை 7 நாளுக்குள் விசாரணை அதிகாரிக்குப் போக வேண்டும். குழந்தையாக இருந்தால் பெற்றோரோ அது நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும், பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பார்க்க வேண்டும்.

அனுப்பிய பின்

அட்மிட் செய்தால் எஸ்கார்ட் காவலர்கள் யார், எந்த வார்டு, குடும்பத்துக்குத் தகவல் சொல்லப்பட்டதா என்று குறித்து, டியூட்டி மாறும்போது அடுத்த மருத்துவரிடம் நேரில் ஒப்படையுங்கள். மரண வாக்குமூலம் தேவைப்படும் நிலை என்றால் நீதித்துறை நடுவருக்கு உடனே இன்டிமேஷன் அனுப்புங்கள். காவலில் உள்ளவர் இறந்தே கொண்டுவரப்பட்டாலோ இங்கே இறந்தாலோ, சுரக்ஷா சன்ஹிதாவின் 196ஆம் பிரிவின்படி நடுவர் விசாரணை உண்டு என்பதால், உடலைச் சுத்தம் செய்யாமல், ஆடையையும் குழாய்களையும் அப்படியே விட்டுப் பிணவறைக்கு அனுப்ப வேண்டும்.

நீதிமன்றச் சம்மன் சில ஆண்டுகள் கழித்து, நீங்கள் வேறு ஊரில் மேற்படிப்பில் இருக்கும்போது வரலாம். ஆகவே பெயரையும் பதிவு எண்ணையும் வாசிக்கும்படி எழுதிக் கையெழுத்திடுங்கள். அடித்துத் திருத்திய இடத்தில் ஒற்றைக் கோடு இழுத்துச் சுருக்கொப்பம் இடுங்கள். நோயாளியின் பெயர் இல்லாமல், ஏ.ஆர். எண்ணையும் தேதியையும் மட்டும் உங்களுக்கென்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். சம்மன் வந்ததும் அந்த எண்ணைக் கொடுத்தால் மருத்துவப் பதிவறையில் மூலப் பதிவேட்டை எடுத்துத் தருவார்கள். சாட்சிக் கூண்டேறும் முன் அதை ஒரு முறை முழுவதும் படித்துவிட்டுப் போங்கள்.